தவளைக்கண் கடிகாரம்

“விளக்கை ஊதி அணை! அணைக்கப்போறியா, இல்லே இந்த வாளித் தண்ணியை உன் தலையிலே கொட்டட்டுமா?”

கையில் லாந்தருடன் இருட்டறை வாசலில் கால் வைத்த ஸெவெரின், வைத்த காலை அப்படியே பின்னுக்கு எடுத்தான். கத்தியவள் வால்புர்கா. அந்த வீட்டு வேலைக்காரி. இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் அவன் தன் கையாலேயே விலங்கு பூட்டி அனுப்பிய தியோபால்டின் மனைவியும் அவள்தான். மற்ற நேரமாக இருந்தால் ஹைடெல்பர்க் போலீஸில் ஸெவெரினின் வாயை அடக்க ஆள் கிடையாது. இன்று பேசாமல் ஊதி அணைத்தான்.

“செத்தவருக்கு வெளிச்சம் ஆகாதாக்கும்?” என்று முணுமுணுக்க மட்டும் செய்தான்.

“படிக்கத் தெரியுமில்லே? கதவைப் பாரு.”

கதவில் ஒரு பலகை தொங்கியது. டாக்டர் ஹார்ட்விக் தன் கைப்பட எழுதியது: ‘நான் செத்தாலும் சரி, உள்ளே வெளிச்சம் கொண்டு வராதே.’

“சொன்ன சொல் தவறாத மனுஷன்,” என்றான் ஸெவெரின். “செத்தே காட்டிட்டார்.”

“வாயை மூடிக்கிட்டு உள்ளே போய்யா,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். இன்ஸ்பெக்டர் லோதர். வயதில் ஸெவெரினைவிடப் பதினைந்து வருஷம் சின்னவன், பேச்சிலும் அதே அளவுக்குச் சிக்கனம். வாயில் எப்போதும் ஒரு சோம்பு மிட்டாய் இருக்கும். கேஸ் இறுகினால் மிட்டாயைக் கடிப்பான். இப்போது கடித்துக்கொண்டிருந்தான்.

1883 நவம்பர், மாலை மணி மூன்றே முக்கால். நெக்கர் ஆற்றுப் பனிமூட்டம் காலையிலிருந்து வீட்டுச் சுவர்களை நக்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஜன்னல் இருந்தும் இல்லாத கணக்கு. தடித்த மரக்கதவு போட்டு, இரும்புத் தாழ் போட்டு, இடுக்குகளில் கறுப்புத் துணி அடைத்திருந்தது. மேஜை மேல் ஒரே ஒரு சாராய விளக்கு. அதன் சுடருக்குள் ஒரு கம்பிக் கரண்டி நீட்டிக்கொண்டிருந்தது, கரண்டியில் சாப்பாட்டு உப்பு. உப்பு எரிந்து ஒரு மங்கல் மஞ்சள் வெளிச்சம் வந்தது.

அந்த மஞ்சளில் நிறம் என்பதே செத்துப்போயிருந்தது. ஸெவெரினின் செம்பட்டை மீசை சாம்பலாகிவிட்டது. வால்புர்காவின் சிவப்புச் சால்வை கரியாகக் கறுத்துவிட்டது. முகங்களைச் சொல்லவே வேண்டாம், எல்லாரும் மூன்று நாள் பிணம். நிஜப் பிணத்தைப் பிற்பகல் இரண்டு மணிக்கே தூக்கிப் போய்விட்டார்கள். தூக்கியதும் இந்த விளக்கில்தான். நாலு போலீஸ்காரர்கள் தட்டுத் தடுமாறி ஒருவர் காலை ஒருவர் மிதித்துத் தூக்கினார்கள். பலகையை மீற எவனுக்கும் துணிச்சல் வரவில்லை. படித்தவன் வீட்டுக் கட்டளைக்கு அந்த ஊரில் அவ்வளவு மரியாதை!

நாற்காலியில் விசாரணை நீதிபதி ரேபோக் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் கடிகாரம்.

“லோதர், மணி நாலு ஆகப்போகுது. நாலு அம்பதுக்கு மன்ஹைம் ரயில். தியோபால்ட் அதுலே ஏறிட்டான்னா கேஸ் என் கையை விட்டுப் போச்சு. அங்கே பெரிய கோர்ட்டு. அப்புறம் நான் எழுதறதெல்லாம் வெறும் காகிதம்தான். அவங்க கத்தியைத் தீட்டி வெச்சுட்டுத்தான் ஆளையே கூப்பிடுவாங்க.”

வால்புர்காவின் கையிலிருந்த வாளி தரையில் உட்கார்ந்தது. அவள் அழவில்லை. அவள் அழுதிருந்தால் ஸெவெரினுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். தியோபால்டின் சட்டைக்கையில் ரத்தத்தைப் பார்த்ததும் ‘மாட்டிக்கிட்டியா மாப்பிள்ளை’ என்று சிரித்துக்கொண்டே விலங்கு போட்டவன் அவன்தான். கசாப்புக் கூடத்திலிருந்து திரும்புகிறவன் சட்டையில் ரத்தம் இல்லாமல் பன்னீரா இருக்கும்? இந்த யோசனை அவனுக்கு வந்தபோது வண்டி தெருக்கோடியைத் தாண்டிவிட்டது. விலங்கின் சாவி அவன் சட்டைப்பையில் கிடந்து நெஞ்சை உறுத்திக்கொண்டிருந்தது.

“ஒரு தடவை சுருக்கமா சொல்லிடறேன்,” என்றான் லோதர். “ஒன்பது மணிக்கு டாக்டர் ஹார்ட்விக் உள்ளே வந்தார். பரிசோதனைக்குத் தவளை பிடிச்சுக் குடுக்க எடுபிடி தியோபால்ட் கூட இருந்தான். பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னாலே அவன் கிளம்பிக் கசாப்புக் கூடம் போனான். ஒரு மணி வரைக்கும் இருபது கசாப்புக்காரங்க பார்க்க, அதே பரிசோதனைக்கு வெட்டின மாட்டோட கண்ணு பொறுக்கிக்கிட்டிருந்தான். வால்புர்கா ஒன்பதுலேருந்து ஆத்தங்கரையிலே துணி துவைச்சா. ஒன்றரை மணிக்கு டாக்டர் மண்டை உடைஞ்சு இங்கே கிடந்தார். பத்து மணிக்குப் பிறகு வீட்டிலே இருந்தது…”

“நான் ஒருத்தன்தான்,” என்று முடித்தார் சுவரோரம் நின்றவர்.

டாக்டர் ஸைடல். ஹார்ட்விக்கிடம் பதினோரு வருஷம் கூட வேலை பார்த்தவர். இடது கன்னத்தில் மாணவப் பருவத்து வாள் தழும்பு. கைகளைக் கட்டிக்கொண்டு, சர்ச்சில் நிற்பதுபோல் நின்றார்.

“மாடியிலே எழுதிக்கிட்டிருந்தேன். ஒன்பதே முக்காலுக்குக் கீழே சண்டைச் சத்தம் கேட்டுது. சாராய விளக்குக்கு வெச்ச சாராயத்தைத் தியோபால்ட் குடிச்சுட்டான்னு டாக்டர் கத்தினார். அப்புறம் சத்தமில்லே. ஒன்றரை மணிக்கு வந்து பார்த்தேன். ஆகவே கணக்கு சுலபம், இன்ஸ்பெக்டர். பத்து மணிக்கு முன்னாலே செத்திருந்தா தியோபால்ட். பின்னாலே செத்திருந்தா நான். போலீஸ் டாக்டர் என்ன சொல்றார்?”

“இந்த அறை ஐஸ்கட்டி மாதிரி இருக்கு, காலையிலே செத்தார்னு மட்டும்தான் சொல்ல முடியும்னு கையை விரிச்சுட்டார்.”

“நானாவது செத்தவரைக் காலையிலேயா சாயங்காலமான்னு சொல்லிடுவேன்,” என்றான் ஸெவெரின். “சாப்பாட்டைத் தொட்டிருக்காரா இல்லையான்னு பார்த்தாப் போதும்.”



லோதர் மேஜையைச் சுற்றி வந்தான். கத்தரி, சவ்வைப் பிடித்தெடுக்கும் சாமணம், படிகார நீர் ஜாடி எல்லாம் நாற்காலிக்கு இடப்பக்கமாக அடுக்கியிருந்தன. எதிரே ஆறு குழிகள் வரிசையாக வெட்டிய நீளப் பலகை ஒன்று. இடது ஓரக் குழியில் மட்டும் ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணம் இருந்தது. மற்ற ஐந்து குழிகளும் காலி. பக்கத்தில் உப்புக் கிண்ணம், அதுவும் காலி. லோதர் அதைத் தலைகீழாகக் கவிழ்த்தான். ஒரு பரல்கூட விழவில்லை.

“வால்புர்கா, இதுலே எப்போ உப்பு வெச்சே?”

“காலையிலேதான் ஐயா. ததும்பத் ததும்ப வெச்சேன். கரண்டியிலே போடற உப்பு கால் மணி நேரம்தான் எரியும், அப்புறம் திரும்பப் போடணும். மத்தியானம் பன்னெண்டு மணிக்குக் கிண்ணம் காலியாகும். தினமும் அப்படித்தான்.” அவள் குரல் உயர்ந்தது. “அப்போ அவர் பன்னெண்டு வரைக்கும் உசிரோட இருந்திருக்கார்! இல்லேன்னா யாரு போட்டாங்க உப்பை?”

“தட்டி விட்டிருந்தா?” என்றார் நீதிபதி.

ஸெவெரின் தரையில் மண்டி போட்டான். வயிறு இடிக்க, விரலை நனைத்து மேஜைக்கடியில் நாலு இடம் தொட்டு நாக்கில் வைத்தான். “தவளை இருக்கு. பூனை இருக்கு. உப்பு இல்லே.”

நீதிபதி கடிகாரத்தை மூடினார். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும் என்பார்கள். குடிக்கப்போவது யார் என்று எல்லாரும் ஸைடலைப் பார்த்தார்கள்.

ஸைடல் நிதானமாகப் பேசினார்.

“நான்தான் போட்டேன். ஒன்றரை மணிலேருந்து உங்க ஆளுங்க இங்கே நடமாடறாங்க. பிணத்தைத் தூக்கினாங்க. இந்த விளக்கு தானா எரிஞ்சதுன்னா நினைச்சீங்க? கால் மணிக்கு ஒரு கரண்டி நான்தான் போட்டுக்கிட்டிருந்தேன். கிண்ணம் காலியாகாம என்ன ஆகும்? உங்க ஸெவெரினே பார்த்தாரே.”

பார்த்திருந்தான். இரண்டு தடவை. ஸெவெரினுக்குத் தன் கண்ணையே பிடுங்கி அந்தக் கிண்ணத்தில் போடலாம் போலிருந்தது. ஆமாம் என்று தலையாட்டினான். வால்புர்கா அவனைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைவிட அந்த வாளித் தண்ணீரே தேவலை.

“மணி நாலு,” என்றார் நீதிபதி. “எனக்கு வேற வழி தெரியலை, லோதர்.”

“நான் உதவி பண்றேன்,” என்றார் ஸைடல்.

அழைக்காத விருந்துக்கு முதல் பந்தியில் உட்காருகிறவனைப் போல, அவர் மேஜையருகே வந்து அந்த ஒற்றைக் கிண்ணத்தைக் காட்டினார்.

“டாக்டரோட பரிசோதனை எனக்குத் தெரியும். இது ஒரு கடிகாரம். நம்ம கண்ணுக்குள்ளே பின்சுவர்லே ஒரு மெல்லிசுத் தோல் இருக்கு, வெங்காயச் சருகு மாதிரி. விழித்திரை. அதுலே குச்சி குச்சியா லட்சக்கணக்கான செல்கள். ஒவ்வொரு குச்சியும் தட்டு அடுக்கின மாதிரி அடுக்கடுக்கா இருக்கும். அந்த அடுக்கிலே ஒரு சாயம் ஊறியிருக்கு. பார்வைச் சிவப்புன்னு சொல்வோம். வெளிச்சம் பட்டா வெளுத்துடும், இந்த உப்பு மஞ்சள் மட்டும் அதை ஒண்ணும் பண்ணாது, இருட்டிலே திரும்ப ஊறும். அது வெளுக்கறதாலேதான் நாம பார்க்கறோம்.”

“அதான் என் பொண்டாட்டி முகத்தைப் பார்த்ததும் எனக்கு உள்ளே ஏதோ வெளுக்குது,” என்றான் ஸெவெரின்.

“உயிரோட இருக்கற கண்ணிலே மட்டும்தான் ஊறும். திரையைத் தனியா உரிச்சுப் படிகார நீர்லே போட்டுட்டா அந்த நிமிஷத்தோட நின்னு போச்சு. ஏறாது, பகல் வெளிச்சம் படற வரைக்கும் குறையாது. தினமும் காலையிலே ஆறு தவளையைப் பகல் வெளிச்சத்திலே வெச்சு வெளுக்க வைப்பாங்க. ஒன்பது மணிக்கு இருட்டுக்குள்ளே கொண்டு வருவாங்க. அரை மணிக்கு ஒரு தவளை. ஒன்பதரைக்கு ஒரு கிண்ணம், பத்துக்கு இரண்டாவது, பத்தரைக்கு மூணாவது. இப்படிப் பன்னெண்டு மணிக்கு ஆறாவது. முதல் கிண்ணத்திலே வெள்ளை. போகப் போக ரோஜா. கடைசிக் கிண்ணம் மாதுளைச் சாறு.” அவர் குரல் ஒரு கணம் வேறெங்கோ போய்த் திரும்பியது. “இங்கே ஒரே கிண்ணம்தான் இருக்கு. முதல் குழியிலே. பெட்டியிலே பாக்கி அஞ்சு தவளையும் உயிரோட இருக்கு. அப்படின்னா பத்து மணிக்கு இரண்டாவது தவளையை எடுக்க டாக்டர் இல்லே.”

ஸெவெரின் பெட்டியைத் திறந்தான். ஐந்து ஜோடிக் கண்கள் அவனைப் பார்த்தன.

“அஞ்சுதான் ஐயா,” என்றான் சுரத்தில்லாமல்.

“டாக்டர் இதையெல்லாம் எழுதி வைக்க மாட்டாரா?” லோதர் கேட்டான்.

“இந்த விளக்கிலே நிறம் ஏது, எழுத? வேலை முடிஞ்சு, தட்டோட வெளியே கொண்டு வந்து, பகல் வெளிச்சத்திலே ஒரே ஒரு பார்வை. பார்த்துக்கிட்டிருக்கும்போதே வெளுத்துடும். பார்த்த மாத்திரத்திலே சொல்வார், நான் எழுதுவேன். பதினோரு வருஷமா அப்படித்தான்.”

“நீங்க உள்ளே வந்து வேலை செய்ய மாட்டீங்களா?”

“வேலை நடக்கறப்போ என்னை உள்ளே விட மாட்டார்.” தழும்பு லேசாக இழுத்தது. “தியோபால்டை விடுவார்.”

“அந்தச் சாயத்தைச் செல்லை விட்டுத் தனியாப் பிரிச்சு, நீரா கண்ணாடிக் குழாய்லே எடுத்தாங்களாமே? மாட்டுப் பித்தநீர்லே கரைச்சு? அது யாரு கண்டுபிடிச்சது?”

ஸைடல் விளக்குச் சுடரைப் பார்த்தார். உப்பு சடசடத்தது.

“டாக்டர் ஹார்ட்விக்,” என்றார்.

லோதர் மிட்டாயைக் கடித்தான். “முதல் குழின்னு சொன்னீங்களே, அது எது?”

“இடது ஓரம்தான். வேறெது? எழுதறதும் அங்கேருந்துதானே ஆரம்பிக்கிறோம்.”

லோதர் நகர்ந்து வால்புர்காவின் பக்கத்தில் போய் நின்றான். அவள் காதருகே ஏதோ கேட்டான். ஸெவெரினுக்குப் பாம்புச் செவி, கேட்டுவிட்டது. ‘டாக்டர் சூப் குடிக்கறப்போ கரண்டியை எந்தக் கையிலே பிடிப்பார்?’ ஒரு பெண்பிள்ளையின் புருஷன் உயிர் ஊசலாடும் நேரத்தில் சூப்பைப் பற்றிக் கேட்கிற மேலதிகாரியை அவன் இதற்கு முன் பார்த்ததில்லை. அவள் ஏதோ சொன்னாள். அது மட்டும் அவனுக்குக் கேட்கவில்லை.

லோதர் திரும்பினான். “நீதிபதி ஐயா, கிண்ணத்தோட எண்ணிக்கையை யாரு வேணும்னாலும் மாத்தலாம். அஞ்சு கிண்ணத்தைக் கழுவி வெச்சுட்டு, நிலவறையிலே வளர்க்கற தவளையிலே அஞ்சைக் கொண்டு வந்து போட்டா முடிஞ்சது. நிறத்தை மாத்த முடியாது. டாக்டர் ஸைடல் சொல்றபடி இது ஒன்பதரைக் கிண்ணம்னா உள்ளே வெள்ளையா இருக்கணும். ஜன்னலைத் திறந்து பார்த்துடுவோம்.”

“தாராளமா,” என்றார் ஸைடல். “நானே கேட்கலாம்னு இருந்தேன். ஆனா ஒரே பார்வைதான். நீதிபதியும் கூட நின்னு பார்க்கட்டும். அப்புறம் அதைப் பார்த்தேன் இதைப் பார்த்தேன்னு யாரும் சொல்லக் கூடாது.”

கொலை செய்தவன் இப்படியா பேசுவான்? ஸெவெரின் லோதரின் கையைப் பிடித்து இழுத்தான்.

“ஐயா, ஒரு நிமிஷம். வெள்ளையா இருந்தா?”

“தியோபால்ட் தலை போச்சு.”

“பார்க்காம விட்டா?”

“அப்பவும் போச்சு. கொஞ்சம் மெதுவா.”

“அப்போ ராத்திரி யோசிச்சு, நாளைக்குப் பார்க்கலாமே.”

“ரயில் நாளைக்கா போகுது? பகல் வெளிச்சமே இன்னும் அரை மணிதான் இருக்கு. லாந்தர் வெளிச்சத்திலே ரோஜாவும் மஞ்சளும் ஒண்ணாத்தான் தெரியும். போய் தாழை எடுய்யா.”

ஸெவெரின் ஜன்னலுக்குப் போனான். அங்கே வால்புர்கா நின்றிருந்தாள், முதுகை மரக்கதவில் அண்டக் கொடுத்து.

“தொடாதே.”

“அம்மா, வழியை விடு.”

“அவரைப் பிடிச்சுக் குடுத்தது போதாதா உனக்கு? இது வெள்ளையா இருந்தா நான் எங்கேடா போவேன்? எத்தனை தடவை பார்த்திருக்கேன் அந்தத் தட்டை! முதல் கிண்ணம் எப்பவும் வெள்ளைதான், ஒரு நாள்கூடத் தப்பினதில்லே!”

ஸெவெரினிடம் எப்போதும் ஒரு கிண்டல் தயாராக இருக்கும். இப்போது தொப்பியைக் கழற்றினான்.

“தப்பு பண்ணிட்டேன்,” என்றான் மெல்ல. “ரத்தத்தைப் பார்த்தேன், பூட்டிட்டேன். ஐயா கணக்கு எனக்கும் புரியலை. ஆனா ஏழு வருஷமா அவர் காரணமில்லாம சூப்பைப் பத்திக் கேட்டு நான் பார்த்ததில்லே. நகரும்மா.”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அந்தச் செத்த மஞ்சளில் என்ன கண்டாளோ, விலகினாள்.

நீதிபதி மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். ஸைடல் கிண்ணத்தை ஜன்னலடி மேஜைக்குத் தானே கொண்டுவந்து வைத்தார், ஒரு சொட்டுச் சிந்தாமல், குழந்தையைப் படுக்க வைப்பதுபோல். லோதர் அவருக்கு எதிரில் நின்றான். அவன் கிண்ணத்தைப் பார்க்கவில்லை, ஸைடலின் முகத்தைத்தான் பார்த்தான்.

“திற.”

ஸெவெரின் தாழை உருவிக் கதவை இழுத்தான். வெளிறிய பகல் வெளிச்சம் உள்ளே விழுந்தது. பிணங்களுக்கெல்லாம் உயிர் வந்தது. வால்புர்காவின் சால்வை சிவந்தது. கிண்ணத்துக்குள், படிகார நீருக்கடியில், நகக்கண் அளவுக்கு ஒரு சவ்வு.

சிவப்பு.

ரோஜா இல்லை, இளஞ்சிவப்பு இல்லை. பிழிந்த மாதுளை.

அந்தச் சிவப்பு அவர்கள் கண்ணெதிரிலேயே ஓரங்களிலிருந்து செங்காவியாக மாறத் தொடங்கியது.

“மூடு!” என்று அலறினார் ஸைடல். “கதவை மூடுடா மடையா! போகுது, போகுது!”

அவர் இரண்டு உள்ளங்கைகளையும் கிண்ணத்தின் மேல் குடையாகக் கவித்தார். அவர் ஓடவில்லை, மறுக்கவில்லை. தன் கழுத்துக்கு வந்த சாட்சியைத் தன் கைகளாலேயே நிழல் கொடுத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். என்ன செய்கிறோம் என்பது அவருக்குப் புரிய ஐந்தாறு விநாடி ஆயிற்று. புரிந்ததும் கைகள் தாமாகவே விலகின.

“பார்த்தீங்களா?” லோதர் கேட்டான்.

“பார்த்தேன்,” என்றார் நீதிபதி. “நல்லாப் பார்த்தேன். பன்னெண்டு மணிக் கிண்ணம்.”

“டாக்டர் ஹார்ட்விக் இடக்கைக்காரர்,” என்றான் லோதர். “கத்தரி, சாமணம், ஜாடி எல்லாம் இடப்பக்கம் இருக்கு பாருங்க. அவர் இடது ஓரத்திலே ஆரம்பிச்சா ஒவ்வொரு தடவையும் சட்டைக்கை நிரம்பின கிண்ணத்து மேலே உரசும். அதனாலே வலது ஓரத்திலே ஆரம்பிச்சு இடப்பக்கமா வருவார். இடது ஓரம்தான் ஆறாவது. இதை உள்ளே இருந்து பார்த்தவன் தியோபால்ட் ஒருத்தன். வெளியே தட்டை மட்டும் எதிரே நின்னு பார்த்தவர் நீங்க, டாக்டர்; அவரோட வலது ஓரம் உங்களுக்கு இடது ஓரம். உங்க கை வழக்கத்தை வெச்சு முதல் கிண்ணம்னு நினைச்சு, கடைசிக் கிண்ணத்தை விட்டுட்டீங்க. இந்த மஞ்சள் விளக்கிலே ஆறும் ஒரே மாதிரிதானே தெரியும். பன்னெண்டுக்கே காலியான உப்புக் கிண்ணத்திலே சமையல்கட்டு உப்பைக் கொண்டு வந்து போட்டதும் நீங்கதான்.”

சட்டைக்குள்ளிருந்து ஓர் அச்சுத்தாளை எடுத்து மேஜையில் விரித்தான். “இது ஹார்ட்விக்கோட மேஜையிலே இருந்தது. ‘பித்தநீரில் கரைத்தெடுத்த பார்வைச் சிவப்பு.’ கீழே ஒரே பேர்தான் இருக்கு, அவர் பேர்.”

“நாலு வருஷம்,” என்றார் ஸைடல். தாளைப் பார்க்கவில்லை, வெளுத்துக்கொண்டிருந்த கிண்ணத்தைத்தான் பார்த்தார். “வாந்தி எடுக்க எடுக்க மாட்டுப் பித்தத்திலே கை வெச்சது நான். முதல் துளி குழாய்லே சிவப்பா இறங்கினப்போ பக்கத்திலே யாருமில்லே. பன்னெண்டேகாலுக்குக் கீழே வந்து கேட்டேன், என் பேர் எங்கேன்னு. ‘குழாய் கழுவறவன் பேரையும் போடணுமா’ன்னு கேட்டார். விளக்குத் தாங்கி கைக்கெட்டற தூரத்திலே இருந்தது.”

நீதிபதி ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டு மை உலரும் முன்பே வால்புர்கா தாளைப் பறித்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

“யோவ், சாவி உன்கிட்டேதானே இருக்கு? ஓடு!” என்றான் லோதர்.

ஸெவெரின் கதவு வரை ஓடி நின்றான். கேட்காமல் போனால் அவனுக்குச் சோறு இறங்காது.

“டாக்டர், உங்க சட்டைப்பையிலே தீப்பெட்டி இருந்திருக்குமே. ஒரே ஒரு குச்சியைக் கிழிச்சுப் பார்த்திருந்தா எது வெள்ளை எது சிவப்புன்னு தெரிஞ்சிருக்குமே?”

ஸைடல் அவனை விசித்திரமாகப் பார்த்தார்.

“இருட்டறையிலேயா? ஆறும் கெட்டுப்போயிருக்குமே,” என்றார்.

ஒரு மனிதனின் மண்டையை உடைத்த கை, ஒரு தீக்குச்சியை உரச மறுத்திருக்கிறது. இதற்கு மேல் அங்கே நிற்க ஸெவெரினுக்குப் பிடிக்கவில்லை.

மணி நாலரை. பனிமூட்டத்தில் வால்புர்காவின் சால்வை மட்டும் முன்னால் ஓடியது. ஐம்பது வயது உடம்பு, காலையிலிருந்து காலி வயிறு, வழுக்கும் கல்பாவிய தெரு. மீன்காரி ஒருத்தியின் கூடையைத் தட்டிவிட்டான், திட்டு வாங்கினான், நிற்கவில்லை. ஸ்டேஷனுக்குள் அவன் நுழைந்தபோது வண்டி மூச்சு விட்டுக்கொண்டு நின்றது. கடைசிப் பெட்டி வாசலில் வால்புர்கா காவலாளியின் மூக்குக்கு நேரே தாளை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“கையெழுத்து சரிதான். ஆனா சாவி?” என்றான் காவலாளி.

“இதோ!” ஸெவெரின் பெட்டிக்குள் ஏறினான். அவசரத்தில் சாவி இரண்டு தடவை துவாரத்தைத் தவறவிட்டது. மூன்றாவது தடவை விலங்கு திறந்தது. தியோபால்ட் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டான். சட்டைக்கையில் மாட்டு ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. ஸெவெரினைப் பார்த்தான், தாளைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். எதையும் நம்பியதாகத் தெரியவில்லை.

“உள்ளே யாருமே இல்லையே,” என்றான். “நான் இல்லேன்னு யாரு வந்து சாட்சி சொன்னா?”

வால்புர்கா அவன் கையைப் பிடித்துப் பிளாட்பாரத்தில் இறக்கினாள். காலையிலிருந்து அடக்கி வைத்த அழுகை அப்போதுதான் உடைந்தது.

“நம்ம டாக்டரேதான்,” என்றாள்.